கினிக்கோழியின் பூர்வீகம்

உடப்பின் மணல் முற்றத்திலே கினிக்கோழி வளர்க்க விரும்புவோர், முதலில் அதன் பூர்வீகத்தை அறிதல் நன்று. ஆபிரிக்காவின் வறண்ட புல்வெளிகளே அதன் தாயகம். பண்டை உரோமர் அதனை 'ஆபிரிக்கக் கோழி' என்று அழைத்து வளர்த்தனர். பிற்காலத்தில் போர்த்துக்கேயர் மேற்கு ஆபிரிக்காவின் கினிக்கரையிலிருந்து அதனை மீண்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பெயரும் அக்கரையால் வந்ததே.

மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்தும் அதன் காட்டியல்பு முற்றும் மாறவில்லை. இரவில் மரக்கிளையை நாடும். அந்நியரைக் கண்டால் ஓயாது கத்தும். முட்டைகளைப் புதரில் மறைக்கும். தாய்ப்பறவை ஈரப்புல்லிலும் குஞ்சுகளை இட்டுச்செல்வதால், அவை குளிரில் மடிவதுண்டு. ஆகவே முட்டைகளை நாட்டுக்கோழியிடம் அடைவைப்பர். 26 முதல் 28 நாள்களில் குஞ்சு பொரிக்கும்.

உடப்பின் வெயிலும் மணலும் இப்பறவைக்கு ஒத்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையே குஞ்சுகளுக்குப் பகை. அம்மாதங்களில் அடைவைக்காதிருத்தலே அதன் பூர்வீகம் புகட்டும் பாடமாகும்.