நெருப்புச் சொல்லின் குலமுறை

இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்து ஒலிக்கக் கண்டவுடன், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என முடிவு கட்டிவிடும் ஆசை நம்மில் பலர்க்கு எழுவதுண்டு. பல்லாண்டுகள் வகுப்பறையில் இவ்வாசையோடு போராடியவன் நான். ஒலியொப்புமை ஆராய்ச்சிக்கு வாயில் மட்டுமே. தீர்ப்பு வழங்குவது இலக்கணம். நெருப்பைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கொண்டு இதனை விளக்குவேன்.

நெருப்பை ருஷ்யர் 'ஒகோன்' என்பர். போலந்து நாட்டார் 'ஒகியென்' என்பர். செக் மக்கள் 'ஒஹென்' என்பர். இம்மூன்றும் ஆதி ஸ்லாவியம் என்னும் ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்தவை. அத்தாய்மொழியில் எழுதப்பட்ட நூல் எதுவும் இல்லை. கி.பி. 863-இல் சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் மொராவியாவுக்குச் சமயப்பணி ஆற்றச் சென்றதை ஒட்டியே ஸ்லாவியப் பேச்சு நூல்வழக்குப் பெற்றது. ஆகவே அறிஞர்கள் சேய்மொழிகளை ஒப்பிட்டு, 'ஒக்னி' என்னும் மூலவடிவை மீட்டமைத்தனர். இவ்வாறு மீட்ட சொல்லின்முன் ஓர் உடுக்குறி இடுவது அவர்தம் மரபு.

இதன் ஈற்று இகரம் முழு இகரமன்று. நம் குற்றியலிகரம்போலக் குறுகி ஒலித்தது. பின்னர் அது மறைந்தது. இறுதியில் நின்ற 'க்ன்' நாவிற்கு இடர் தரவே, நடுவே ஓர் உயிர் புகுந்தது. ருஷ்யச் சொல்லின் ஓகாரம் அவ்வாறு வந்ததே. 'நெருப்பினது' என வேற்றுமை ஏற்கும்போது, அவ்வோகாரம் நீங்கி 'ஒக்ன்யா' என்றாகிறது.

இனி, வடமொழியின் 'அக்னி', லத்தீனின் 'இக்னிஸ்', லித்துவேனியத்தின் 'உக்னிஸ்' ஆகியவற்றை நோக்குங்கள். நான்கும் இகர ஈற்றுப் பெயர்களே. வடமொழி அகரம் நிற்குமிடத்தில் ஸ்லாவியத்தில் ஒகரம் நிற்பது பல சொற்களில் காணும் முறை. ஆட்டைக் குறிக்கும் வடமொழி 'அவி', ஸ்லாவியத்தில் 'ஒவித்ஸா'. லத்தீனின் இகரமும் லித்துவேனியத்தின் உகரமும் பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர்.

வலிய சான்று வேற்றுமையுருபில் உள்ளது. 'நெருப்புகளில்' என்பதற்கு வடமொழி 'அக்னிஷு'. ஆதி ஸ்லாவியம் 'ஒக்னிஹு'. அதன் ஈற்று உகரமும் குற்றியலுகரம்போல் குறுகியதே. இகரத்தை அடுத்த சகரம் ஒன்றில் ஷகரமாகவும் மற்றொன்றில் ஹகரமாகவும் திரிந்துள்ளது. உருபு மட்டும் ஒன்றே.

தமிழில் வழங்கும் 'அக்கினி'யோ வடமொழியிலிருந்து பெற்ற கடன். 'அக்கினியில்' என்னும்போது, சொல் கடனாயினும் உருபு நம்முடையது. தீ, நெருப்பு என்பனவே நம் குடும்பச் சொற்கள். கடன் வாங்குவோர் சொல்லை வாங்குவர்; வேற்றுமையுருபுகளையும் சேர்த்து வாங்குவது மிக அரிது.

எனவே ஸ்லாவியச் சொல் வடமொழிக்கு மகளன்று, உடன்பிறப்பே. வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றிற்கும் பொதுமூலம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும் என 1786-இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் உரைத்த கருத்து, இத்தகைய சான்றுகளால் உறுதி பெற்றது. சொல்லாராய்ச்சியில் இறங்கும் இளைஞர்களே! ஒலியைக் கேளுங்கள்; ஆனால் உருபைப் பார்க்காமல் உறவு கூறாதீர்கள்.