முறிந்த வாலின் முன்கதை

ஒரு ஹெலிகாப்டர் வானிலேயே உடைந்து விழுந்தால், புலனாய்வாளர்கள் முதல் வேலையாக ஒரு வரைபடம் போடுவார்கள். எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று அதில் குறிப்பார்கள். பறந்து வந்த பாதையில் மற்றவற்றுக்கு முன்பாகவே விழுந்து கிடப்பது, பெரும்பாலும் முதலில் கழன்ற துண்டு. பல விபத்துகளில் அப்படித் தனியாகக் கிடப்பது வால்தான். அதைப் பார்த்தவுடன், வால் பலவீனமாக இருந்திருக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஹெலிகாப்டர் வரலாறு அந்த அவசரத் தீர்ப்பைப் பெரும்பாலும் தள்ளுபடி செய்கிறது. வால் முறிவதற்கான காரணம் விமானியின் கையசைவிலோ, முரட்டுத் தரையிறக்கத்திலோ, பல நூறு மணி நேரப் பறப்புக்கு முன்பே விழுந்த ஒரு மயிரிழைக் கீறலிலோ இருந்திருக்கிறது.

அந்த நீண்ட வால் எதற்கு என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மேலே ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால், கீழே உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்க, உடலிலிருந்து தள்ளி ஒரு சிறு ரோட்டரைப் பக்கவாட்டில் வைக்கலாம் என்ற அமைப்பை 1912-இலேயே ரஷ்யாவில் போரிஸ் யூரியெவ் முன்வைத்தார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இகோர் சிகோர்ஸ்கி. அமெரிக்காவில் அவர் கட்டிய விஎஸ்-300, 1939 செப்டம்பர் 14 அன்று கயிறுகளால் தரையோடு பிணைக்கப்பட்ட நிலையில் எழும்பியது. கட்டுப்பாடு எளிதில் கைவரவில்லை. ஒரு கட்டத்தில் வால் பக்கம் மூன்று சிறு ரோட்டர்களைப் பொருத்திப் பார்த்தார். 1941-இன் இறுதியில்தான் ஒற்றை வால் ரோட்டர் என்ற இன்றைய வடிவத்தில் வந்து நின்றார்.

அந்த வடிவம் ஒரு நிரந்தரச் சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. வாலின் ஒரு முனை உடலோடு இறுக்கப்பட்டிருக்கிறது; மறுமுனை அந்தரத்தில். அந்தரத்து முனையில்தான் ரோட்டரும் அதன் பல்சக்கரப் பெட்டியும் செங்குத்துத் துடுப்பும் உட்கார்ந்திருக்கின்றன. வால் ரோட்டர் ஓயாமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மேல் ரோட்டரின் காற்று மேலிருந்து அடிக்கிறது. இரண்டின் அதிர்வுகளும் வால் உடலோடு சேரும் இடத்தில் வந்து குவிகின்றன.

ஆரம்பகால வால்கள் பல எலும்புக்கூடுகளாகவே இருந்தன. 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான முதல் ஹெலிகாப்டர் சான்றிதழைப் பெற்ற பெல் 47-இன் பரவலான மாதிரிகளுக்கு, எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய திறந்த வால். பிரான்சின் அலுவெட் 2-க்கும் லாமாவுக்கும் அதே பாணி. லாமாவைத்தான் பெங்களூரு எச்.ஏ.எல். 'சீட்டா' என்ற பெயரில் கட்டியது; சியாச்சின் பனிமலைக்குப் பொருள் சுமந்தது அந்தத் திறந்த வால் எந்திரம். பார்க்க அரைகுறையாகத் தெரிந்தாலும் இந்த அமைப்பில் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு இணைப்பையும் மெக்கானிக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்னாளில் வந்த தகடு போர்த்திய வால்கள் எடை குறைந்தவை, காற்றைக் கிழித்துப் போவதில் சிறந்தவை. ஆனால் அவற்றின் நோய்கள் தகட்டுக்குள் மறைந்துகொண்டன.

வால் முறிவதன் மிகப் பழைய காரணம் தரையில் நடப்பது. ஹெலிகாப்டர் வேகமாகத் தரையைத் தொட்டால் மேல் ரோட்டரின் பிளேடுகள் கீழ்நோக்கி வளையும். அதே நொடியில் வால் மேலெழும்பும். இரண்டும் சந்தித்தால் பிளேடு வாலை வெட்டிவிடும். கொரியப் போரில் பெயர்பெற்ற சிகோர்ஸ்கி எஸ்-55 ரகத்தில் இந்த ஆபத்தைக் குறைக்க, பிந்தைய மாதிரிகளின் வாலைச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினார்கள். வலிமையைக் கூட்டாமல் இடைவெளியைக் கூட்டிய அந்த முடிவு, பொறியாளர்கள் நோயின் மூலத்தைச் சரியாகக் கண்டுகொண்டதற்கு நல்ல சான்று.

வானத்தில் நடக்கும் வெட்டு இதைவிடக் கொடியது. அதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகளும் பல உயிர்களும் ஆயின.

இரண்டே பிளேடுகள் கொண்ட ரோட்டர், பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகை மாதிரி, நடு அச்சில் இருபுறமும் ஆடும்படி பொருத்தப்படுகிறது. வியட்நாமில் பறந்த ஹியூயி, கோப்ரா இரண்டும் இந்த வகை. ஹெலிகாப்டரின் எடை ரோட்டரில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை, ரோட்டர் சாயும் பக்கம் உடலும் சாயும். மலைமுகட்டைத் தாண்டியதும் தாழ இறங்குவதற்காக விமானி கைப்பிடியைச் சட்டென்று முன்னே தள்ளினால், ஓரிரு நொடிகள் எடை இல்லாதது போலாகிவிடும். வால் ரோட்டர் மட்டும் தள்ளுவதை நிறுத்தாது. அது உடலை வலப்பக்கம் உருட்டும். உருள்வதைக் கண்ட விமானி இயல்பாகவே கைப்பிடியை இடப்பக்கம் சாய்ப்பார். ரோட்டர் இடப்பக்கம் போகும், உடல் கூடப் போகாது. ரோட்டரின் மையப்பகுதி தன்னைத் தாங்கும் தண்டிலேயே மோதும். ஒன்று தண்டு முறியும், அல்லது பிளேடு தாழ்ந்து வாலை அறுக்கும். தப்பிக்கும் வழி உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது: முதலில் கைப்பிடியை மெல்லப் பின்னால் இழுத்து ரோட்டருக்கு எடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உருள்வதை அதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும். இதை விமானிகள் மனதில் பதியவைக்க அமெரிக்க ராணுவம் தனியாகப் பயிற்சிப் படமே எடுத்தது.

ராணுவத்தில் கற்ற பாடத்தைப் பொதுமக்கள் பறக்கும் வானத்தில் மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. ஃபிராங்க் ராபின்சன் வடிவமைத்த ஆர்22, 1979-இல் சான்றிதழ் பெற்றது. இருவர் அமரும் சிறு எந்திரம், விலையும் குறைவு. பயிற்சிப் பள்ளிகள் அதை விரும்பி வாங்கின. இலகுவான பிளேடுகள் என்பதால் அவற்றில் சேமித்திருக்கும் சுழற்சி ஆற்றல் குறைவு. எந்திரத்தின் விசை குறையும்போது விமானி உடனடியாகச் செயல்படாவிட்டால் சுழற்சி சரிந்து, பிளேடுகள் கட்டுப்பாடிழந்து வாலை வெட்டும். அனுபவமில்லாத கைகள்தான் அந்த எந்திரத்தில் அதிகம் பழகின என்பது இதில் வேதனையான பகுதி.

1992 ஜூனில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் அருகே ஒரு பயிற்சிப் பறப்பின்போது ஆர்22 ஒன்று வானில் சிதறியது. உள்ளே ஓர் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பாடம் அமைதியாக நடந்துகொண்டிருந்ததையும், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் எல்லாம் குலைந்ததையும் அது பதிந்து வைத்திருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய விபத்துகளைத் தொகுத்துச் சிறப்பு ஆய்வு நடத்தி, 1996-இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, ராபின்சன் ஹெலிகாப்டர் ஓட்டுவோருக்கெனத் தனிப் பயிற்சி விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. நியூசிலாந்தின் மலைக்காற்றில் இதே வகை விபத்துகள் தொடர்ந்ததால், அந்நாட்டு விபத்துப் புலனாய்வு ஆணையம் 2016-இல் இதைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அண்மை ஆண்டுகளில் ராபின்சன் நிறுவனம் வாலையே திருத்தியது: ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்த கிடைத் துடுப்பை இருபக்கமும் சமமாக நீளும்படி மாற்றி, உடல் உருளும் போக்கைக் குறைத்தது. நாற்பது ஆண்டுக்குப் பிறகு வந்த இந்தத் திருத்தம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எழாமல் இருக்காது.

பிளேடே படாமல் முறியும் வால்களும் உண்டு. அங்கே குற்றவாளி உலோகச் சோர்வு. ஆர்22-இன் இரட்டை பிளேடு ரோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 510 முறை சுழல்கிறது. ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது ஓர் அதிர்வு என்று கணக்கிட்டால் மணிக்கு 61,200 அதிர்வுகள். ஆயிரம் மணி நேரத்தில் ஆறு கோடிக்கு மேல். வால் ரோட்டரின் அதிர்வுகள் இதைவிடப் பல மடங்கு. ஒரு ரிவெட் துளையின் ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தால், அதை வளர்க்க இவ்வளவு போதும்.

1956-இல் முதலில் பறந்த ஹியூஸ் 269, சோர்வு எங்கே கைவைக்கும் என்பதைத் துல்லியமாகக் காட்டியது. அதன் வால் மெல்லிய குழாய். கீழிருந்து சாய்வான கால்கள் அதைத் தாங்குகின்றன. அமெரிக்க ராணுவம் அதைத் தொடக்கப் பயிற்சிக்கு நூற்றுக்கணக்கில் வாங்கியது. குழாய் உறுதியாகத்தான் இருந்தது. தாங்கும் கால்களின் முனை இணைப்புகளில் விரிசல் கண்டது. அவற்றைக் குறித்த இடைவெளிகளில் பரிசோதிக்க அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் ஆணைகள் பிறப்பித்தது. அத்தகைய பரிசோதனையில் சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன சாயம் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும்.

ஹியூயி வகையில் வால் உடலோடு நான்கே போல்ட்டுகளால் இணைகிறது. ஒன்று தளர்ந்தால் அதன் சுமை மற்ற மூன்றின்மேல் ஏறும். ராணுவம் கழித்துவிட்ட ஹியூயிகளை வாங்கி, காடுகளில் வெட்டிய மரங்களைத் தூக்கப் பயன்படுத்தியபோது வேறொரு உண்மை வெளிப்பட்டது. படை வீரர்களை ஏற்றிச் செல்லும் எந்திரம் ஒரு மணி நேரத்தில் சில முறைதான் முழு விசைக்குப் போகும். மரம் தூக்கும் எந்திரமோ ஓயாமல் போய்ப்போய் வரும். ஒவ்வொரு தூக்கலிலும் வால் ரோட்டர் முழுபலத்தோடு தள்ளும். செங்குத்துத் துடுப்பின் உள்சட்டத்தில் விரிசல் வந்தது. ரோட்டர் தண்டு போன்ற உறுப்புகளுக்குப் பறந்த மணிகளோடு தூக்கல்களையும் எண்ணும் முறை வந்தது இப்படித்தான்.

கார்பன் இழை, தேன்கூட்டு அறைத் தகடு என்று பொருள்கள் மாறியபோது சோர்வின் முகமும் மாறியது. 1995 ஜனவரி 19 அன்று அபர்தீனிலிருந்து வடகடல் எண்ணெய் மேடைக்குப் போன சூப்பர் பூமா ஒன்றின் வால் ரோட்டரை மின்னல் தாக்கியது. சேதமடைந்த பிளேடு சமநிலை குலைந்து அதிர, சில நிமிடங்களில் வால் ரோட்டரின் பல்சக்கரப் பெட்டியே பிய்ந்து போனது. கொந்தளித்த கடலில் விமானிகள் எந்திரத்தை இறக்கினார்கள். உள்ளே இருந்த 18 பேரும் உயிர் தப்பினார்கள். இந்த வரலாற்றில் மனம் நிறைந்து சொல்லக்கூடிய சம்பவங்களில் இது முதன்மையானது.

2009 ஆகஸ்டில் கத்தாரின் தோஹா விமான நிலையத்தில் ஒரு ஏடபிள்யூ139, தரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோதே வால் முறிந்து விழுந்தது. அதன்பின் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, வால் தகடுகளில் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒட்டு விட்டிருக்கிறதா என்று சோதிக்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்துக்கு மேலே அதே ரக ஹெலிகாப்டர் ஒன்று வால் ரோட்டரை இழந்து நீரில் இறங்கியது. 13 பேரும் பிழைத்தார்கள். 2011 ஆகஸ்ட் 19 அன்று பிரேசில் கடற்பரப்பில் மூன்றாவது எந்திரத்தின் வால் ரோட்டர் பிளேடு பிரிந்தபோது நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அந்த பிளேடுகளுக்கு 600 பறப்பு மணி அல்லது 1,500 தரையிறக்கம், இரண்டில் எது முந்துகிறதோ அதோடு கழற்றிவிட வேண்டும் என்று வரம்பு வைக்கப்பட்டது.