வீரியம் போன வைரஸ்: பன்றிக்குட்டிகள் சொல்லும் வரலாறு

தடுப்பூசி என்றால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமி என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டு வந்துவிடுகிறோம். வீரியம் எங்கே போகிறது? போனபிறகு அந்தக் கிருமி என்ன செய்கிறது? இதற்கு மிகத் தெளிவான பதில் பன்றிகளின் குடல் வைரஸ் ஒன்றின் கதையில் இருக்கிறது. (பன்றியா என்று முகம் சுளிக்காமல் மேலே படியுங்கள்!)

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டாயில், ஹட்சிங்ஸ் என்ற இருவர் பன்றிக்குட்டிகளுக்கு வரும் ஒரு கொடிய வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதினார்கள். டி.ஜி.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காரணம் ஒரு கொரோனா வைரஸ். சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளை இது சிதைத்துவிடும். குடித்த பால் செரிக்காமல் அப்படியே வெளியேறும். பெரிய பன்றிகள் சில நாட்களில் தேறிவிடும். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகளோ உடம்பில் நீர் வற்றிச் செத்துப்போகும். நோய் புதிதாக நுழைந்த பண்ணையில் அந்த வயதுக் குட்டிகளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

இந்த வைரஸை ஆய்வகத்தில் பன்றிச் செல்களில் வளர்த்தார்கள். ஒரு தட்டில் வளர்ந்ததை எடுத்து அடுத்த தட்டில் விடுவது, அதிலிருந்து எடுத்து அதற்கடுத்த தட்டில் விடுவது என்று எத்தனையோ முறை. தட்டில் வயிற்று அமிலம் இல்லை, குடல் சளி இல்லை. அவற்றைத் தாண்டும் திறமை அங்கே வைரஸுக்குத் தேவையே இல்லை. தேவைப்படாதது மெல்லக் கழன்றுபோனது. 1990களில் ஸ்பெயினில் லூயிஸ் என்ஹுவானெஸ் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வைரஸின் வெளிப்புறக் கூர்ப்புரதத்தில் ஓரிரண்டு அமினோ அமிலங்கள் மாறினாலே அது குடலைப் பிடிக்கும் சக்தியை இழந்துவிடுவது தெரிந்தது. அப்போதும் நுரையீரலில் அது பெருகத்தான் செய்தது. அதாவது வைரஸ் சோர்ந்துபோகவில்லை, விலாசம்தான் மாறிவிட்டது.

சரி, ஆபத்தில்லாத வைரஸ் கிடைத்தாயிற்று, ஊசி போட்டால் முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். பன்றிக்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது எதிர்ப்புப் புரதம் எதையும் பெறுவதில்லை. எல்லாம் பாலில்தான் வரவேண்டும். ஒஹையோவில் பால், சைஃப் ஆகியோர் 1970களில் கண்டது இது: உண்மையாகவே குடலில் நோய் வந்து தேறிய தாயின் பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் நிறைய இருந்தது. தசையில் ஊசி போட்ட தாயின் பாலில் பெரும்பாலும் ஐ.ஜி.ஜி.தான். குட்டியின் குடலைக் காப்பதில் ஐ.ஜி.ஏ.தான் கெட்டி. அது பாலுக்கு வரவேண்டுமானால் வைரஸ் தாயின் குடலைத் தொட வேண்டும். ஆனால் வீரியம் குறைந்த வைரஸ் இழந்ததே அந்தக் குடல் பிடிப்பைத்தானே!

மனிதர்கள் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்க, இயற்கை தானாக ஒரு வேலை செய்தது. 1984இல் பெல்ஜியத்தில் மோரிஸ் பென்சேர்ட் குழுவினர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். டி.ஜி.இ. இல்லாத, ஊசியும் போடாத பண்ணைகளில்கூடப் பன்றிகளின் இரத்தத்தில் டி.ஜி.இ.க்கு எதிரான புரதம்! தேடிப்போனால் மூச்சுக்குழாயில் வாழும் ஒரு புது வைரஸ். டி.ஜி.இ. வைரஸேதான், கூர்ப்புரதத்தின் முனையில் இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் மட்டும் காணோம். பெரும்பாலும் லேசான சளி, அவ்வளவுதான். காற்றில் பரவி சில ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டது. அது தந்த அரைகுறை எதிர்ப்பு சக்தியே போதுமானதாக இருந்தது, அங்கே டி.ஜி.இ. அரிதாகிப்போனது. அமெரிக்காவிலும் பின்னர் இதே மாதிரி வைரஸ்கள் கிடைத்தன, ஆனால் வெட்டுப்பட்ட அளவு வேறு. ஆக, இந்த விபத்து ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. எந்தத் தடுப்பூசி நிறுவனமும் செய்யாததை ஒரு எழுத்துப்பிழை செய்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதே பென்சேர்ட் 1978இல் டெபூக் என்பவரோடு சேர்ந்து இன்னொரு பன்றிக் குடல் கொரோனா வைரஸையும் கண்டுபிடித்திருந்தார். பெயர் பி.இ.டி. அப்போது எடுத்த மாதிரிக்கு சிவி777 என்று பெயர். ஆசியாவில் அதையும் அதுபோன்றவற்றையும் செல்தட்டுகளில் வளர்த்து வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார்கள். 2010இல் சீனாவில் கூர்ப்புரதம் மாறிய புது வகை கிளம்பியது. தடுப்பூசி போட்ட பண்ணைகளிலும் குட்டிகள் செத்தன. 2013இல் அது அமெரிக்காவை எட்டியது. ஓராண்டில் ஏறக்குறைய 70 லட்சம் குட்டிகள் போயின. 2014இல் ஒஹையோவில் கூர்ப்புரதத்தில் சில இடங்களில் சேர்க்கையும் விடுபடலுமாக ஒரு சாதுவான வகையும் தென்பட்டது, ஆனால் பழைய கதை திரும்பவில்லை. அதுவும் குடல் வைரஸ்தான், மூச்சுக்குழாய்க்குக் குடிபோகவில்லை.

அந்த நேரத்தில் பண்ணைக்காரர்கள் கையில் எடுத்தது டி.ஜி.இ. காலத்து வழி. செத்த குட்டிகளின் குடலை அரைத்து, தீவனத்தில் கலந்து, சினைப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். வீரியம் துளியும் குறைக்காத வைரஸ்.