காப்பும் ஏமமும்

சமாதான முயற்சிகளில் பெண்களுக்கு உரிய ஸ்தானம் வேண்டுமென 2000ஆம் ஆண்டு ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தைப் பற்றி, சுவிட்சர்லாந்தில் லுட்சேர்னை அடுத்த எம்மன்புரூக்கேயில் ஈழத்துப் பெண்கள் கூடிப் பேசுவதற்கென அச்சிட்ட அழைப்பிதழில் ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற தொடரைக் கண்டதும் என் மனம் சற்றே கூசிற்று. ஏனெனில் 1990இல் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு மக்களைத் தம் வீடுவாசலுக்குத் திரும்பவிடாது தடுத்தது இராணுவத்தின் ‘உயர் பாதுகாப்பு வலயம்’, 2009இல் வன்னியில் எறிகணை விழுந்த நிலத்துக்கும் ‘பாதுகாப்பு வலயம்’ என்றே நாமகரணம். ‘கா’ என்னும் அடியிற் பிறந்த காப்பு, நூலின் முகப்பில் தெய்வத்தை வேண்டும் செய்யுளாகவும் கர்ப்பிணியின் கை வளையாகவும் மங்களமாய் விளங்கி, இன்றைய பத்திரிகைத் தலைப்பில் கைதிக்கு மாட்டும் விலங்காகவும் இழிந்துவிட்டது. பெண்ணைச் சிறைவைத்துக் காக்கும் காப்பினால் என்ன பயன் என்று வள்ளுவரே வினவினார். அவர் விடையாகக் கூறிய ‘நிறை’ வேறு விவாதம். பாதுகாப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ஸிஹர்ஹைட்’டோ, கவலையற்றிருத்தல் என்னும் லத்தீன் மூலத்தது. அதற்கு நேரானது நம் ‘ஏமம்’: காவல், இன்பம் இரண்டையும் குறிப்பது, நாட்டின் ஐந்து அணிகளுள் ஒன்றாகக் குறள் எண்ணுவது, வடமொழி க்ஷேமத்தின் திரிபென்பாரும் உளர். ஆயினும் வழக்கொழிந்த அச்சொல்லை அழைப்பிதழில் இட்டால் உரையாசிரியரையும் உடன் அழைக்க நேரும். ஆதலால் ‘அச்சமற்ற வாழ்வு’ என்றெழுதுவதே எனக்கு உசிதமாகப் படுகிறது.