அடைக்கும் அறிவும் திறக்கும் அறிவும்

ஒரு பொருளைக் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பது ஓர் அறிவு. அடைத்ததை உரியவர் கை நோகாமல் திறந்து எடுப்பது மற்றோர் அறிவு. முன்னதை மனித இனம் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்டது. பின்னதைக் கற்கப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. ஜாடியும் சீசாவும் இல்லாத இல்லம் இல்லை. எனினும் அவற்றின் மூடிக்குள் அடங்கிக் கிடக்கும் இந்த நீண்ட வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வரலாற்றைத் தொடங்குவதற்குத் தக்க இடம் நம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை எனச் சங்கப் புலவர்கள் போற்றியது இதனையே. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அங்குத் தம் ஊர்களை நாடு நாடாகப் பிரித்து வாழ்கின்றனர். அந்நாடுகளுள் ஒன்று எடப்புளி நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும், மிளகும் அன்னாசியும் விளையும் இம்மலையின் தேன் சமவெளியெங்கும் பெயர் பெற்றது.

அடைப்புக் கலையின் முதல் ஆசான் தேனீ என்றே சொல்லலாம். அது மலரிலிருந்து கொண்டுவரும் இன்நீரில் பெரும்பகுதி வெறும் நீர்தான். கூட்டில் சேர்த்ததும் சிறகுகளால் விசிறி விசிறி அந்நீரை வற்றச் செய்கிறது. நீரின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து தேன் முதிர்ந்த பின்னரே, அறையின் வாயை மெல்லிய மெழுகால் மூடுகிறது. அந்த மூடி காற்றின் ஈரத்தைத் தடுக்கும். தேவைப்படும்போது தேனீயின் சிறு வாய்க்கே விட்டுக்கொடுக்கும். கொசுத்தேனீ இன்னும் ஒருபடி மேலே போய், மெழுகும் மரப்பிசினும் குழைத்துச் சின்னஞ்சிறு குடங்களையே செய்து அவற்றில் தேனை நிரப்பி மூடுகிறது.

இங்கே நாம் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தேனீ, முதிராத தேனுக்கு முத்திரையிடுவதில்லை. மனிதன் அவசரப்பட்டு, மூடப்படாத அறைகளின் தேனையும் பிழிந்து சீசாவில் இறுக அடைத்தால் நடப்பது என்ன? நீர் மிகுந்த தேன் புளிக்கத் தொடங்கும். உள்ளே வாயு பெருகி மூடியை முட்டும். சில வேளை சீசாவே வெடிக்கும். அடைப்பு ஒரு பொருளை உள்ளபடி காக்குமே தவிர, குறையுள்ளதை நிறைவாக்காது.

மனிதர் மிகப் பழங்காலத்திலேயே கைக்கொண்ட அடைப்புப் பொருள்களுள் ஒன்று மண். எகிப்து மன்னன் தூத்தங்காமூனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922ஆம் ஆண்டு கண்டுபிடித்தபோது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட திராட்சை மதுச் சாடிகள் அங்கிருந்தன. அவற்றின் வாய்களைக் களிமண்ணால் அடைத்து, ஈரமாயிருக்கும்போதே முத்திரை பதித்திருந்தனர். உள்ளே பெருகும் வாயு வெளியேறச் சிறு துளை விட்டுப் பின்னர் அடைத்த சாடிகளும் அவற்றுள் இருந்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளும் நீண்ட கடற்பயணம் வந்தவையே. அவ்வகைச் சாடிகளின் கழுத்தில் தக்கையையோ ஓட்டு வில்லையையோ செருகி, மேலே சுண்ணக்காரை பூசி மூடுவது வழக்கம். திறப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது: உடைக்க வேண்டும்.

மருத்துவமும் இரசவாதமும் இக்கலையை மேலும் நுட்பமாக்கின. நம் சித்த மருத்துவர் பற்பமும் செந்தூரமும் செய்யும்போது மருந்தை அகலில் இட்டு, மற்றோர் அகலால் மூடி, களிமண் தோய்த்த துணியை இடைவெளியில் சுற்றி உலர்த்துவர். இதற்குச் சீலைமண் என்று பெயர். ஏழு சீலைமண் செய்து புடமிடுவது மருந்து நூல்களில் பெருவழக்கு. மூலிகைகளுக்குப் பெயர் பெற்ற கொல்லிமலையைச் சித்தர்களோடு இணைத்தே மக்கள் பேசிவருகின்றனர். அரபு இரசவாதிகளிடமும் இதே முறை இருந்தது. வாலைகளின் மூட்டுகளில் பூசுவதற்குப் பக்குவப்படுத்திய களிமண்ணை அவர்கள் ‘தீனுல் ஹிக்மா’, அதாவது ஞானக் களிமண் என்று அழைத்தனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் அபூபக்ர் அர்ராஸீ தம் ‘அஸ்ரார்’ நூலில் இத்தகைய கருவிகளையும் பூச்சுகளையும் விரித்துரைத்திருக்கிறார். காற்றுப் புகா அடைப்பைக் குறிக்க மேலைமொழிகளில் இன்றும் வழங்கும் சொல், இரசவாதத்தின் மூலவராகக் கருதப்பட்ட ஹெர்மிஸின் பெயரிலிருந்து பிறந்தது. அந்த ஹெர்மிஸை நபி இத்ரீஸ் (அலை) அவர்களோடு ஒன்றுபடுத்திக் கூறிய முஸ்லிம் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அரபு மொழியில் ‘கத்ம்’ என்னும் சொல்லுக்கு முத்திரையிடுதல் என்றும் முடித்தல் என்றும் பொருள். ‘காத்தம்’ என்பது மோதிரத்தையும் குறிக்கும், முத்திரையையும் குறிக்கும். திருக்குர்ஆனை ஓதி நிறைவு செய்வதை நாம் கத்தம் என்பதும் இவ்வேரிலிருந்தே வந்தது. சுவனத்துப் பானத்தைப் பற்றிப் பேசும் திருமறை, அதன் முத்திரை கஸ்தூரியாய் இருக்கும் என முத்திரையையே ஒரு சிறப்பாக எடுத்துரைப்பதை ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தில் காண்கிறோம். இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறும் தோல் துருத்திகளின் வாயைக் கட்டிவைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. துருத்தியின் வாயைக் கட்டும் கயிற்றுக்கு ‘விகாஉ’ என்று பெயர். அது அடைக்கவும் செய்யும். ஒரு முடிச்சை இழுத்தால் திறக்கவும் செய்யும்.

நம் தாய்மார்கள் கண்ட வழியும் இத்தகையதே. ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியைப் போர்த்திக் கயிற்றால் இறுக்குவதை ‘வேடு கட்டுதல்’ என்பர். ஜாடிக்குள் ஊறுகாயின்மேல் இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும். காற்றைத் தடுப்பது அந்த எண்ணெய். தூசியையும் எறும்பையும் தடுப்பது துணி. எண்ணெயைவிட எளிதாகத் திறக்கும் கதவு உலகில் உண்டோ? கரண்டி நுழைந்தால் வழிவிடும், வெளியே வந்தால் தானே கூடிக்கொள்ளும். மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரையில் தங்கிச் சென்ற இப்னு பதூதா, 1355இல் நிறைவுற்ற தம் பயண நூலில், கிழக்குக் கடல் நாடொன்றின் இளவரசி தமக்கு ‘மர்த்தபான்’ எனும் பெரிய சாடிகளில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிலிட்டு அளித்ததாகக் குறிப்பிடுகிறார். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் பெயரே அச்சாடிகளுக்கு ஆயிற்று. உருது பேசுவோர் இன்றும் ஊறுகாய் ஜாடியை மர்த்தபான் என்கின்றனர்.

ஆயினும் உப்போ எண்ணெயோ சர்க்கரையோ சேர்க்காமலும் உலர்த்தாமலும் சமைத்த உணவை நெடுநாள் காக்கும் வழி நெடுங்காலம் அறியப்படவில்லை. பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் அதனைக் கண்டார். கண்ணாடிச் சீசாக்களில் உணவை இட்டு, தக்கையால் அடைத்துக் கம்பியால் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வேகவைத்தார். அது ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நுண்ணுயிர்களே காரணம் எனப் பாஸ்டர் பின்னாளில்தான் விளக்கினார். அப்பேர் தம் முறையை 1810இல் நூலாக வெளியிட்டு, அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார்.

இனி வருவதுதான் வியப்பு. டப்பா பிறந்துவிட்டது, அதைத் திறக்கும் கருவி பிறக்கவில்லை! உளியும் சுத்தியும் கொண்டே அதனைத் திறந்தனர். 1855இல் இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸும், 1858இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னரும் திறப்பான்களைச் செய்யும்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்நிலை நீடித்தது. தனிக் கருவியே வேண்டாமல் மூடியிலுள்ள வளையத்தை இழுத்துத் திறக்கும் முறைக்கு எர்மல் ஃபிரேஸ் காப்புரிமை பெற்றதோ 1960களில்தான். அடைப்பவன் தன் சரக்கை எண்ணினான். திறப்பவளின் கையை எண்ணவில்லை.

திறப்பான் பிறந்த அதே 1858இல் ஜான் மேசன் என்பவர், கண்ணாடி ஜாடியின் கழுத்தில் மரை வெட்டித் திருகு மூடி பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் சமையலறைத் திருகு மூடிகள் யாவும் அந்த வழியில் வந்தவை. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் தந்ததோ நமக்கெல்லாம் இன்னும் நெருக்கமானது. அதுதான் கோலி சோடா. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. சீசாவைத் தலைகீழாக்கி வாயு கலந்த நீரை நிரப்பினால், அந்த வாயுவே கோலியை வளையத்தில் அழுத்தி அடைத்துக்கொள்ளும். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். காவலுக்கு வெளியாள் வேண்டாம். உள்ளிருக்கும் பொருளே தன்னைக் காத்துக்கொள்கிறது. 1892இல் வில்லியம் பெயிண்டர் செய்த பல் மூடி வந்து பல நாடுகளில் கோலியைத் துரத்திவிட்டது. தமிழகத்திலும் ஜப்பானிலும் கோலி இன்றும் உருள்கிறது.

ஆக, அடைப்பு மூவகைப்படும்: வெளியே பூசுவது, உள்ளிருந்து வாயு அழுத்துவது, வெளிக்காற்று அழுத்துவது. மூன்றாவது வகைதான் நம் கைகளை நோகச் செய்வது. சூடான உணவை நிரப்பி மூடினால், ஆறும்போது உள்ளே நீராவி ஒடுங்கிக் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றோ ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்துகிறது. ஏழு செண்டிமீட்டர் அகலமுள்ள மூடியின் உள்ளே அழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தால், மேலே ஏறத்தாழ 19 கிலோ எடை அமர்ந்திருப்பதற்கு அது சமம். அதனோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. கரண்டியின் விளிம்பால் மூடியின் ஓரத்தைச் சற்று நெம்பிக் காற்றை உள்ளே விட்டால், அந்தப் பாரம் நொடியில் இறங்கிவிடும். தேன் சீசாவின் மூடி திறக்க மறுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மரையில் வழிந்த தேன் உலர்ந்து பசையாகிவிடுகிறது. மூடியை வெந்நீரில் சிறிது நேரம் கவிழ்த்து வைத்தால் பசையும் கரையும், உலோக மூடியும் கண்ணாடியைவிட மிகுதியாக விரிந்து தளரும். மூடுமுன் வாயைத் துடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எடப்புளி நாட்டுக்கும் இந்தக் காற்றுக் கணக்கு பொருந்தும். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. அங்கே இறுக மூடிய சீசாவை நாமக்கல்லுக்கோ இராசிபுரத்துக்கோ கொண்டுவந்தால், அகன்ற மூடியின்மேல் நான்கைந்து கிலோ எடை புதிதாக ஏறியதுபோல் ஆகும். சமவெளியின் வெப்பம் உள்ளிருக்கும் காற்றை விரித்து இதில் ஒரு பகுதியை ஈடுசெய்தாலும், முழுமையாக ஈடுசெய்யாது. மலைமேல் குடித்து மூடிய பிளாஸ்டிக் சீசா கீழே வந்ததும் ஒடுங்கிக் கிடப்பது இதனால்தான். நீரின் கொதிநிலையும் அவ்வுயரத்தில் 100 பாகை அன்று, ஏறத்தாழ 96 பாகையே. எனவே அம்மலையின் அன்னாசியை அப்பேர் முறையில் அடைக்க விரும்புவோர், சமவெளியார் செய்வதைவிடக் கூடுதல் நேரம் கொதிக்கவைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகிறது: எளிதாகத் திறக்க வேண்டும் என்றால், யாருக்கு எளிதாக? 1982இல் சிகாகோ நகரில் கடைகளிலிருந்த வலிநிவாரண மாத்திரைக் குப்பிகளில் எவனோ நஞ்சு கலந்ததால் எழுவர் மாண்டனர். திறக்கப்பட்டதை உடனே காட்டிக்கொடுக்கும் முத்திரைகள் மருந்துக் குப்பிகளில் கட்டாயமானது அதன் பின்னரே. குழந்தைகள் திறந்துவிடாதபடி மருந்துகளை அடைக்க அமெரிக்கா 1970இல் சட்டம் இயற்றியது. அத்தகைய மூடிகள் முதியோரையும் தடுத்தன. 1995இல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களைக் கொண்டும் திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும் என்றனர். தள்ளாத வயதில் தனியே வாழும் ஒரு தாய் தன் மருந்துக் குப்பியைத் திறக்க அண்டை வீட்டாரை அழைக்க நேர்ந்தால், அந்த மூடி தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறது.

முத்திரை என்பது ஓர் அமானிதம். காற்றுக்கும் ஈரத்துக்கும் கள்வனுக்கும் அது மறுக்க வேண்டும். உரியவருக்கு இணங்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதே என்று பொய்யின்றிச் சான்றளிக்கவும் வேண்டும். மலையிலே தேனெடுப்பவர் முதிர்ந்த தேனை மட்டுமே அடைப்பாராயின், விற்பவர் அதில் சர்க்கரைப் பாகு கலவாதிருப்பாராயின், மூடி செய்வோர் முதிய கைகளையும் மனத்திற் கொள்வாராயின், அந்தச் சிறு சீசா தன்னிடம் ஒப்படைத்ததைக் குறைவின்றித் திருப்பிக் கொடுத்துவிடும்.