பனங்கிழங்குப் பாத்தி: வரிக்கணக்குக்கு வெளியே ஒரு வரலாறு

மார்கழி, தை மாதங்களில் ஐதராபாத்தின் மெட்டுகுடாப் பகுதியில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்பனைக்கு வரும். தெலுங்கில் அதன் பெயர் தேகலு. இரயில்வே பணியின் பொருட்டு இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் இளைய தலைமுறையினரிடம் நான் கேட்டவரையில், அவர்களும் தேகலு என்றே சொல்கின்றனர். கிழங்கு மறையவில்லை, அதன் தமிழ்ப் பெயர் மட்டும் வீட்டிலிருந்து நழுவிவிட்டது. இந்நழுவலை வரலாற்று மாணவர்களும் பொருட்படுத்த வேண்டும் என்பதே இப்பதிவின் நோக்கம்.

பனை குறித்த எழுத்துச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. சோழர் செப்பேடுகள் பிரமதேயங்களுக்கு வழங்கிய உரிமைகளுள், அவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்பதும் ஒன்று. கள்ளிறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி என்னும் வரி பல்லவர் காலத்திலேயே உண்டு. நிசாம் அரசின் கருவூலத்துக்கும் ஆப்காரி வருவாய் பெருந்துணையாக இருந்தது. 1678இல் வெளிவந்த 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' முதல் தொகுதி பனையைப் படத்துடன் விளக்கியது. 1850இல் வில்லியம் பெர்குசன் கொழும்பிலிருந்து பனைக்கென்றே தனிநூல் வெளியிட்டார். அரசின் கண்ணோ பெரிதும் மரத்தின் உச்சியிலேயே நிலைத்திருந்தது. ஏறுபவர் எவர், இறக்குவது எவ்வளவு என்பதே அதற்கு வேண்டிய செய்தி. முற்றத்து மணலில் பனங்கொட்டையை முளைக்கவிட்டு, தோண்டி, அவித்து உண்ட வீட்டுழைப்புக்கு அக்கணக்கில் இடம் குறைவு.

அவ்வுழைப்பு எளியதன்று. ஆடி, ஆவணியில் உதிரும் பழத்தின் சதையை நீக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே மண் தூவுவர். பாத்தி தரைமட்டத்துக்கு மேல் உயர்ந்திருக்கும், மண் பொலபொலவென்றிருக்கும். காரணம் பனையின் முளைப்பு முறையில் உள்ளது. பெரும்பாலான விதைகளைப்போல் இது மேல்நோக்கி எழுவதில்லை. வித்திலையின் குழல்போன்ற காம்பு கருவைச் சுமந்துகொண்டு கீழ்நோக்கி நீள்கிறது. அதன் நுனியிலேயே மாவுச்சத்து நிறைந்த கிழங்கு உருவாகிறது. கொட்டைக்குள் இருக்கும் வித்திலைப் பகுதி பஞ்சுபோல் பருத்து, அங்குள்ள உணவை உறிஞ்சிக் கீழே அனுப்புகிறது. தாவரவியலார் நுண்ணோக்கியில் கண்டு விளக்கிய அவ்வுறுப்பை, கொட்டையை வெட்டித் தின்ற சிறுவர் முன்பே பெயரிட்டு அறிந்திருந்தனர். தென்மாவட்டங்களில் அது தவுண், யாழ்ப்பாணத்தில் பூரான், தெலுங்கில் புர்ர குஞ்சு.

யாழ்ப்பாணத்துச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. பச்சைக் கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல்; உள்ளீடு போன வெறுங்கொட்டை ஊமல். அரிசி அரிதான காலங்களில் ஒடியல் மாவில் கூழும் பிட்டும் ஆயின. ஒரு பொருளின் ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் சமூகம், அப்பொருளோடு நெடுங்காலம் பழகியிருக்கிறது. செப்பேடு தராத சான்றை அகராதி தருகிறது என்பேன்.

இங்கொரு எச்சரிக்கையும் தேவை. பாத்தி போடும் வழக்கத்தை 'முன்னோர் பனை வளர்த்த மரபு' என்று இன்று பலரும் போற்றுகின்றனர். உண்மை சற்று முரணானது: பாத்தி மரம் ஆவதற்காக இடப்படுவதில்லை, மரமாகாமல் தடுப்பதற்காகவே இடப்படுகிறது. ஒவ்வொரு கிழங்கும் உண்ணப்பட்ட ஒரு பனை. வேலியோரத்தில் மரத்துக்கெனக் கொட்டை புதைப்பது வேறொரு செயல், இரண்டையும் ஒன்றாக்கலாகாது.

இவ்வேறுபாட்டை அண்மைக்கால அரசுத் திட்டத்திலும் காணலாம். 2021ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் 30 மாவட்டங்களில் வழங்குவதாக அறிவித்தது. விதைக்கும் கன்றுக்கும் இடையிலுள்ள இப்பெருந்தொலைவுக்கு விலை மட்டுமே காரணமாகாது. முளை முதலில் ஆழத்தையே தேடுவதால், பிடுங்கி நட்ட பனை எளிதில் பிழைப்பதில்லை. மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டை புதைய வேண்டும். மாடித் தொட்டியில் முளைக்கவைக்க விரும்பும் நகரத்து நண்பர்கள் குறைந்தது ஒன்றரை முழ ஆழமாவது கொடுக்கட்டும். கிழங்கு கிடைக்கும், மரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

தவுண், பூரான் தவிர வேறு பெயர் வழங்கும் வட்டாரத்தினர், அச்சொல்லையும் ஊரையும், அதனைச் சொன்னவரின் ஏறத்தாழ வயதையும் தெரிவித்தால் என் தொகுப்பில் சேர்த்துக்கொள்வேன்.