பைன் பலகையும் பச்சை பெயின்ட்டும்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது தரையில்தான். மரத்தரை மேல் அடித்திருக்கிற பெயின்ட்டை எல்லாம் இழைத்து எடுத்துவிட்டு வார்னிஷ் பூசுவார்கள். "அடியில எவ்வளவு நல்ல மரம் இருக்கு பாருங்க, யாரோ விவரமில்லாம பெயின்ட் அடிச்சுக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று ஒரு அங்கலாய்ப்பும் கூடவே வரும். வீடு நூறு வருஷத்துக்குள் கட்டினது என்றால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கலாம். நியூ இங்கிலாந்துப் பக்கம் இருநூறு வருஷத்து வீடு என்றால் கதையே வேற. அங்கே பெயின்ட் அடித்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்த மரத்தை வெறுமனே பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் ஆசைப்படவில்லை.

அந்த வீடுகளின் தரைப்பலகை பெரும்பாலும் பைன். சுற்றுவட்டாரத்தில் தாராளமாகக் கிடைத்த, அறுக்க லேசான மெல்மரம். ஒரு அடி, அதுக்கும் மேலே அகலமான பலகைகளைப் பாவி இரும்பாணி அடித்துவிடுவார்கள். மெல்மரம் என்பதால் எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும், சேற்றுக்கால் பட்டால் கறை ஏறும். அதைச் சுத்தமாக வைக்க ஒரே வழி, மணலும் சாம்பல் காரமும் போட்டு முட்டி போட்டுத் தேய்ப்பது. வாராவாரம் தேய்க்கணும். நம்ம ஊரில் வெள்ளிக்கிழமைக்குச் சாணி மெழுகுகிற மாதிரி என்று சொல்லலாம், ஆனால் இது அதைவிடக் கொடிய வேலை. கடும் குளிரில் ஈரப்பலகை காய்வதற்கே நாள் பிடிக்கும். சில வீடுகளில் தரை மேல் மெல்லிசாக வெள்ளை மணல் தூவி வைப்பார்கள். அழுக்கும் கொழுப்பும் மணலோடு போய்விடும். விருந்தாளி வருகிற நாளில் துடைப்பத்தாலேயே அந்த மணலில் வளைவும் நெளியும் கீறி வைப்பார்களாம். கிட்டத்தட்டக் கோலம்தான், முதல் ஆள் நடக்கிற வரைக்கும்.

பெயின்ட் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. பெயின்ட் அடித்த பலகையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆக, தரைக்குப் பெயின்ட் அடிப்பது அழகுக்காக வந்த பழக்கம் என்பதைவிட, அந்தத் தரையைத் தேய்க்கிற கைகளுக்காக வந்த பழக்கம் என்று நான் நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்கு முன்னால் இது அபூர்வம். அதற்குப் பிறகு வேகமாகப் பரவுகிறது.

அன்றைக்கு டப்பா பெயின்ட் கிடையாது. டி. ஆர். அவெரில் என்பவர் தயார்நிலைப் பெயின்ட்டுக்குக் காப்புரிமை வாங்குவதே 1867இல்தான். அதற்கு முன் பெயின்டர்தான் நிறப்பொடியைக் கல்லில் வைத்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு அரைக்கணும். லின்சீட் ஆயில் என்று கடையில் கேட்கிறோமே, அதேதான். இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு தோல் மாதிரி இறுகும். அது சீக்கிரம் இறுகுவதற்காக லித்தார்ஜ் என்ற காரீய ஆக்சைடைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிறம் என்று பார்த்தால், மலிவானது மண்ணிலிருந்து வருவது. ஸ்பானிஷ் பிரவுன் என்ற காவிச்சிவப்பு, மஞ்சள் காவி. ஒயிட் லெட் என்கிற காரீய வெள்ளைப்பொடியில் புகைக்கரி கலந்தால் சாம்பல் நிறம். பச்சை என்றால் செலவு, செம்புக்களிம்பிலிருந்து எடுக்கணும். வசதியான வீட்டின் நுழைவுக்கூடத்தில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிச் சாய்சதுரமாக வரைந்து பளிங்குத்தரை மாதிரி காட்டுவார்கள்.

பச்சைக்கு ஒரு பிரபலமான உதாரணம் வர்ஜீனியாவில் இருக்கிறது. தாமஸ் ஜெபர்சன் அதிபராக இருந்த 1805இல், ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட்டின் வேலையறையில் தரை நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. புல் மாதிரி பச்சை அடியுங்கள் என்றார் ஸ்டூவர்ட். அதைக் கேட்டு, தன்னுடைய மான்டிசெல்லோ வீட்டு நுழைவுக்கூடத்துத் தரைக்கு ஜெபர்சன் பச்சை அடிக்கச் சொன்னார். இன்றைக்கும் போனால் பச்சைத் தரைதான். வாசல் புல்வெளி அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது போல ஒரு தோற்றம். இதை ரசனை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வீட்டில் துடைப்பதும் தேய்ப்பதும் அடிமைகள் செய்த வேலை. பெயின்ட் வேலையும் கண்ணாடி வேலையும் தெரிந்த பர்வெல் கோல்பர்ட்டும் அந்த வீட்டின் அடிமைகளில் ஒருவர்தான்.

சாதாரணக் குடும்பங்களுக்கு ஊர் ஊராகப் போகிற ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களில் ரூஃபஸ் போர்ட்டர் சுவாரசியமான ஆள். சுவரில் மரமும் துறைமுகமும் வரைந்துகொண்டே நியூ இங்கிலாந்து முழுக்கச் சுற்றியவர். 1825இல் கைத்தொழில் குறிப்புகளாக ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அச்சுத்தாள் வெட்டிக் கம்பள வடிவத்தைப் பெயின்ட்டால் பதிப்பது எப்படி என்பதும் அதில் உண்டு. கம்பளம் வாங்க முடியாதவர்கள் தரையிலேயே கம்பளத்தை வரைந்துகொண்டார்கள். இதே போர்ட்டர்தான் 1845இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையை ஆரம்பித்தவர்!

இந்தப் பெயின்ட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. பாஸ்டன்காரரான ஃபிரெடரிக் டியூடர் 1833 முதல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். சென்னைக்கு வந்த அவருடைய ஐஸை வைக்கக் கட்டியதுதான் நம்ம திருவல்லிக்கேணி கடற்கரை ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன சரக்கில் அவுரி, வெடியுப்பு, தோலோடு ஆளிவிதையும் இருந்தது. அந்த விதையை ஆட்டி எடுத்த எண்ணெயில் குழைத்த பெயின்ட்டும் நியூ இங்கிலாந்துப் பலகைகள் மேல் ஏறியிருக்கும். ஐஸ் ஹவுஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏனோ திரும்பிப் போன சரக்கைக் கண்டுகொள்வதில்லை.

இதே எண்ணெயைக் கேன்வாஸ் துணியில் பல கோட்டு பூசினால் தரைத்துணி. பெயின்ட் டப்பாவில் ஆடை கட்டியதைப் பார்த்து யோசனை பிறந்து, பிரெடரிக் வால்டன் 1863இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது லினோலியம். மலிவான லினோலியம் வந்த பிறகு பெயின்ட் தரைக்கு மவுசு குறைந்தது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இயந்திரத்தில் செதுக்கிய ஓக் பட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிற மாதிரி, சல்லிசாக வந்தன. வன்மரம், வார்னிஷ் போட்டால் போதும். மரத்தை மரமாகவே காட்டுகிற ரசனை இந்த ஓக் தரையோடு வளர்ந்தது. பிறகு அந்த ரசனையைப் பின்னோக்கிக் கொண்டுபோய், அதற்கு நூறு வருஷம் முந்தைய பைன் பலகை மேலும் ஏற்றிவிட்டார்கள். 'ஒரிஜினல்' என்று இன்றைக்கு இழைத்து எடுக்கிற மஞ்சள் பைன் தரையை அந்த வீட்டின் முதல் குடித்தனக்காரர் பார்த்தால், பெயின்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டீர்களா என்றுதான் கேட்பார்.

இது வெறும் ரசனைச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். முதலில் சொன்ன காரீயம் இருக்கிறதே! 1786இல் பெஞ்சமின் பிராங்க்ளின் காரீய நஞ்சைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு விஷயம். பாரீஸ் மருத்துவமனையில் காரீய வயிற்றுவலி கண்டவர்களின் பட்டியலில் சிப்பாய்களும் இருந்தார்கள். சிப்பாய்க்கும் காரீயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. விசாரித்தால், அவர்கள் பெயின்டர்களிடம் நிறம் அரைக்கிற கூலிவேலைக்குப் போனவர்கள். அவ்வளவு முன்னாலேயே தெரிந்துதான் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் கட்டடத்துக்குள் காரீய வெள்ளை பூசுவதைத் தடுக்க ஒப்பந்தம் கொண்டுவந்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்கு அங்கே தடை வந்தது 1978இல். இந்தியாவில் 90 பிபிஎம் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

ஆக, பழைய தரையில் இழைப்பு இயந்திரம் ஓட்டும்போது பறப்பது மரத்தூள் மட்டுமில்லை. நாலைந்து தலைமுறைக் காரீயமும் பொடியாகி வீடு முழுக்கப் படியும். தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கிற உயரத்தில்தான் அது படிகிறது. முதலில் பரிசோதிக்கணும். காரீயம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. உரிகிற இடத்தை ஈரப்படுத்திச் சுரண்டிவிட்டு, மேலே புதுத் தரைப்பெயின்ட் அடித்து மூடி, அது தேய்கிற இடங்களை அப்பப்போ பார்த்து மறுபடி பூசி வைப்பதே உத்தமம். வேடிக்கை என்னவென்றால், வரலாற்றுப்படி பார்த்தாலும் அதுதான் சரி.

அடிப்பதற்கு முன் பழைய நிறம் என்ன என்று தெரிந்துகொள்ள நடு அறையைப் பார்த்துப் பயனில்லை, அங்கே எல்லாம் தேய்ந்திருக்கும். அலமாரிக்குள்ளே, கதவு நிலைக்கு அடியில், சுவரோரப் பட்டைக்குப் பின்னால் பார்க்கணும். கடுகளவு சில்லு எடுத்து, பிசினில் பதித்து நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் காவி, மேலே சாம்பல், அதற்கும் மேலே பழுப்பு என்று. சில அறைகளில் சுவரோரம் மட்டும் இரண்டடிக்குப் பெயின்ட் இருக்கும், நடுவில் ஒரு செவ்வகம் வெறும் மரம். அது யாரும் சுரண்டினது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அங்கே ஒரு கம்பளம் கிடந்திருக்கிறது. அதன் அளவை இன்றைக்கும் டேப் வைத்து அளந்துகொள்ளலாம்.